வித்தியாசம் பூஜ்யம் என்றது அறிக்கை: எபேனில் ஒரு டேட்டாபேஸ் ஒப்பீடு

மொரிஷியஸின் எபேன் சைபர்சிட்டியில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், பழைய ஆரக்கிள் 11ஜி டேட்டாபேஸை விட்டு போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாறியது. மாற்றிக் கொடுத்தது வெளியே உள்ள ஒரு நிறுவனம். தரவு முழுசாக வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அவர்கள் கொடுத்த அத்தாட்சி, டேபிள் வாரியாக அச்சிட்ட ஓர் அறிக்கை. எல்லா டேபிளுக்கும் நேரே ஒரே பதில்தான்: வித்தியாசம் 0.

அதை நம்பிப் பழைய சர்வரை அணைக்கும் கட்டத்துக்கே வந்துவிட்டார்கள். தடுத்தது கணக்குப் பிரிவு. ஆக்சுவரிகள், அதாவது காப்பீட்டு இடர்களைக் கணக்கிடுபவர்கள், கேட்டார்கள் என்று பழைய ஆண்டுகளின் மாதாந்திரப் பாலிசிப் புதுப்பிப்பு எண்ணிக்கையைப் புதிய அமைப்பிலிருந்து எடுத்தபோது, 2008 டிசம்பர் கணக்கு அலமாரியில் இருந்த பழைய அச்சுப் பிரதியோடு ஒத்துப்போகவில்லை. பெரிய இடைவெளி இல்லைதான். ஆனால் 2007-லும் 2010-லும் ஓர் எண்கூடப் பிசகாதபோது நடுவில் மட்டும் ஏன் இடறுகிறது என்று அவர்கள் விடவில்லை. இந்தக் கட்டத்தில்தான் எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள்.

மாதக் கணக்கைத் துரத்துவதற்கு முன், அந்த 0 எப்படி வந்தது என்று பார்ப்பதே சரியான வழி என்று எனக்குப் பட்டது. வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லும் அறிக்கையைச் சோதிப்பது சுலபம். அது காட்டும் வரியை இரண்டு பக்கமும் திறந்து பார்த்தால் போதும். ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அறிக்கைக்குள் திறந்து பார்க்க எதுவும் இருக்காது. அதனால் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அறிக்கை உண்மையில் எதை ஒப்பிட்டது

வெளி நிறுவனத்தின் ஸ்கிரிப்ட் சின்னதுதான். போஸ்ட்கிரஸுக்குள்ளிருந்தே ஆரக்கிள் டேபிளைப் படிக்க உதவும் ஆரக்கிள்_எஃப்டிடபிள்யூ என்ற இணைப்பைப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் ஒரு வரியின் எல்லா ஃபீல்டுகளையும் ஒட்டி ஒரே எழுத்துச் சரமாக்கி, அதற்கு எம்டி5 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு குறுகிய அடையாளக் குறி) எடுத்து, இரண்டு ஹாஷும் சமமில்லாத வரிகளை எண்ணினார்கள். படித்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றே தோன்றும்.

கோளாறு அந்த ஒட்டுதலில் இருந்தது. ஆரக்கிளில் ஒரு சொல்லோடு ‘நல்’ மதிப்பை, அதாவது மதிப்பே இல்லாத ஃபீல்டை, ஒட்டினால் அந்தச் சொல் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரஸில் அதே குறியால் ஒட்டினால் மொத்தமும் ‘நல்’ ஆகிவிடும். ‘நல்’லுக்கு ஹாஷ் எடுத்தால் அதுவும் ‘நல்’. ஒரு பக்கம் ‘நல்’ ஆனாலே போதும், சமமில்லையா என்று கேட்டால், ஆமாம் என்றும் வராது, இல்லை என்றும் வராது, தெரியாது என்று வரும். தெரியாது என்று வந்த வரியை எண்ணிக்கை விட்டுவிடும். ஆக, ஒரே ஒரு ஃபீல்டு காலியாக இருந்தாலும் அந்த வரி ஒப்பீட்டிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிட்டது.

பாலிசி டேபிளில் ரத்தான தேதி என்று ஒரு ஃபீல்டு உண்டு. நடப்பில் உள்ள பாலிசிக்கு அது எப்போதும் காலிதான். அதாவது, நிறுவனத்தின் பிழைப்பே எதன்மேல் நடக்கிறதோ அந்த நடப்புப் பாலிசிகளில் ஒன்றுகூட ஒப்பிடப்படவில்லை. ரத்தாகிப்போனவற்றிலும் இரண்டாம் முகவரி வரை எல்லா ஃபீல்டும் நிரம்பியவை மட்டும் ஒப்பிடப்பட்டு, வித்தியாசம் 0 என்று அச்சாகியிருந்தது. எத்தனை வரிகள் ஒப்பிடப்பட்டன என்பதை அறிக்கை எங்கும் சொல்லவில்லை. அந்த ஓர் எண் இருந்திருந்தால் படித்த முதல் நாளே யாராவது கேட்டிருப்பார்கள்.

திருத்தம் ஒரு வரி வேலை. சமமில்லை என்ற குறிக்குப் பதிலாக, ‘நல்’லையும் ஒரு மதிப்பாக எடுத்துக்கொண்டு வேறுபாட்டைச் சொல்லும் ‘ஈஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்’ போஸ்ட்கிரஸில் இருக்கிறது. ஒட்டும்போதும் காலி ஃபீல்டுக்கு ஒரு தனி அடையாளம் போட வேண்டும். ஃபீல்டுகளுக்கு நடுவே பிரிப்பானும் வேண்டும், இல்லாவிட்டால் 1-ஐயும் 23-ஐயும் ஒட்டியதும் 12-ஐயும் 3-ஐயும் ஒட்டியதும் ஒன்றாகிவிடும். ஆனால் அந்த ஸ்கிரிப்டைத் திருத்திப் பயன்படுத்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். தரவை ஏற்றிய அதே ஆட்கள், அதே செஷன் (டேட்டாபேஸ் இணைப்பு) அமைப்புகள், அதே தேதி மாற்றும் முறை என்று எல்லாம் ஏற்றியவர்களுடையது. அதை வைத்துச் சரிபார்ப்பது சொந்த அண்ணனையே சாட்சிக்கு அழைப்பது மாதிரி.

மூன்றாவது இடத்தில் ஒப்பிடுவது

இரண்டு டேட்டாபேஸுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு மெஷினில் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினோம். இரண்டு பக்கமும் வரிகளைப் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் ஃபீல்டு) வரிசையில் படித்து, ஒவ்வொரு மதிப்பையும் நாங்கள் தீர்மானித்த ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே ஹாஷ் எடுப்பது. அடுத்த பதிப்பான ஆரக்கிள் 12சி முதல் டேட்டாபேஸுக்குள்ளேயே ஹாஷ் எடுக்க ‘ஸ்டாண்டர்டு_ஹாஷ்’ இருக்கிறது. 11ஜியில் அது இல்லை. இருந்திருந்தாலும் இந்த இடத்தில் பெரிய உபயோகம் இல்லை. ஹாஷ் என்பது பைட்டுகளின் மேல் எடுப்பது. பழைய டேட்டாபேஸில் பிரெஞ்சு ‘é’ எழுத்து ஒரே பைட், புதியதில் எழுத்துகளை யூடிஎஃப்-8 முறையில் சேமிப்பதால் இரண்டு பைட். ஒரே பெயர், இரண்டு ஹாஷ்.

கோடிக்கு மேல் வரிகள் உள்ள டேபிளை வரி வரியாக ஒப்பிட்டு விவரம் எழுதினால் யாரும் படிக்க முடியாது. அதனால் பிரைமரி கீயை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து, ஒரு கட்டுக்கு ஒரு ஹாஷ். பிசகிய கட்டை மட்டும் பிரித்து வரிக்கு இறங்குவது, அப்புறம் ஃபீல்டுக்கு. ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு மாற்ற உதவும் ஓரா2பிஜி போன்ற இலவசக் கருவிகளிலும் தரவு ஒப்பீடு இருக்கிறது, நல்ல கருவிதான். ஆனால் அமைப்பை மாற்றாமல் விட்டால் அது டேபிளுக்கு முதல் 10,000 வரிகளைத்தான் பார்க்கும். எங்கள் சிக்கல் இருந்தது நடுவில்.

முதல் ஓட்டத்தில் கிட்டத்தட்ட எல்லா வரியும் வித்தியாசம் என்று வந்தது. இது எதிர்பார்த்ததே. ஆரக்கிளின் நிலையான நீளமுள்ள ‘கேர்’ ஃபீல்டு பின்னால் வெற்றிடம் நிரப்பிக் கொடுக்கும். போஸ்ட்கிரஸ் அதை டெக்ஸ்டாக மாற்றும்போது வெட்டிவிடும். 150 ரூபாய் இங்கே 150, அங்கே 150.00. அரை என்பது ஆரக்கிளில் சரமாக மாற்றும்போது முன்னால் பூஜ்யம் இல்லாமல் .5 என்று வரும். பாலிசி எண்ணையே பிரைமரி கீயாக வைத்த டேபிள்களில் வரிசையே வேறு: ஆரக்கிள் வழக்கமாகப் பைட் வரிசையில் அடுக்குகிறது, போஸ்ட்கிரஸ் பிரெஞ்சு மொழி அமைப்பின்படி அடுக்கியது. அதனால் இருபக்கமும் இருக்கும் வரியே இங்கே இல்லை, அங்கே இல்லை என்று இரட்டை இரட்டையாக வந்தது. போஸ்ட்கிரஸ் பக்கமும் பைட் வரிசையில் அடுக்கும் ‘சி’ கொலேஷன் (அடுக்கும் விதி) கொடுத்ததும் அது அடங்கிவிட்டது.

இந்த இரைச்சலை அடக்கும்போது கை தாராளமாகப் போய்விடக்கூடாது. எல்லா ஃபீல்டின் ஓர வெற்றிடங்களையும் ட்ரிம் செய்துவிடலாம், வேலை முடிந்தது என்று குழுவில் ஒரு தம்பி சொன்னான். ‘கேர்’ ஃபீல்டுக்குச் சரி. நீளம் மாறக்கூடிய ‘வார்கேர்2’ ஃபீல்டில் பின்னால் நிற்கும் வெற்றிடம் யாரோ தட்டியது, அதுவும் தரவுதான். இறுதியில் வெற்றிடம் உள்ள ஒரு பாலிசி எண்ணைப் புதிய இணையதளத்தில் தேடினால் கிடைக்காது. வாடிக்கையாளர் போன் செய்வார். ஆகவே எந்த ஃபீல்டு எந்த வகையோ அதற்குரிய விதி மட்டும், ஒவ்வொரு விதிக்கும் ஏன் என்று ஒரு வரி எழுதி வைத்தோம்.

பழைய சிஸ்டத்தில் இன்னும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆரக்கிளில் ஒரு குறிப்பிட்ட கணத்தின் நிலையைப் படிக்கலாம், ஆனால் படிப்பு நீண்டால் ‘ஸ்னாப்ஷாட் டூ ஓல்டு’ என்று பாதியில் நின்றுவிடும். பெரிய டேபிள்களைத் தைப்பூசக் காவடி விடுமுறைக்கு ஒதுக்கினோம். இங்கே அது நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. அலுவலகத்தில் யாரும் தரவைத் தொட மாட்டார்கள்.

உண்மை ஓட்டத்துக்கு முன் இன்னொரு வேலை செய்தோம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புதிய டேட்டாபேஸின் நகல் ஒன்றில் வேண்டுமென்றே பிழைகளை விதைத்தோம். ஒரு சதம் (ரூபாயில் நூறில் ஒன்று) கூடுதல், ஒரு விநாடி தள்ளல், நீக்கிய வரி, காலி ஃபீல்டில் வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாத சரம்), ‘é’ என்ற எழுத்தைத் தனி ‘e’ ஆகவும் மேல்குறியாகவும் பிரித்து எழுதியது. கடைசியை ஸ்கிரிப்ட் பிடிக்கவில்லை, ஏனென்றால் ஒரே எழுத்தின் வெவ்வேறு யூனிகோடு வடிவங்களை ஒன்றாக்கும் விதி அதை விழுங்கிவிட்டது. அந்த விதியை எடுக்காமல், அது தொட்ட வரிகளைத் தனிப் பட்டியலாகக் கொடுக்கும்படி மாற்றினோம். விதைத்தது எல்லாம் முளைத்த பிறகுதான் விடுமுறை ஓட்டம்.

காலி ஃபீல்டும் வெற்றுச் சரமும்

முதலில் வந்து விழுந்த பெரிய குவியல் இது. ஆரக்கிளுக்கு வெற்றுச் சரம் என்று ஒன்று கிடையாது, அது ‘நல்’தான். போஸ்ட்கிரஸுக்கு இரண்டும் வெவ்வேறு. ஏற்றியவர்கள் தரவை, ஃபீல்டுகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து, எல்லா ஃபீல்டுக்கும் மேற்கோள்குறி போட்டிருந்தார்கள். போஸ்ட்கிரஸின் ‘காப்பி’ கட்டளை, மேற்கோள் இல்லாத காலியை ‘நல்’ என்றும், மேற்கோளுக்குள் உள்ள காலியை வெற்றுச் சரம் என்றும் படிக்கும். எண், தேதி ஃபீல்டுகளில் வெற்றுச் சரம் பிழையாகி ஏற்றமே நின்றுவிடும் என்பதால் அவற்றுக்கு மட்டும், மேற்கோளுக்குள் உள்ள காலியையும் ‘நல்’ ஆக்கும் ‘ஃபோர்ஸ்_நல்’ கொடுத்திருந்தார்கள். டெக்ஸ்ட் ஃபீல்டு எதுவும் சத்தம் போடவில்லை, அதனால் கவனிக்கப்படவும் இல்லை. விளைவு: அடையாள அட்டை எண் பதியாதவர்கள் யார் என்று புதிய அமைப்பில் கேட்டால், அப்படி ஒருவரும் இல்லை என்று பதில்.

சரிசெய்வது இங்கே பாதுகாப்பானது. ஆரக்கிளிலிருந்து வெற்றுச் சரம் வந்திருக்கவே முடியாது, ஆகவே புதிய மென்பொருள் எழுதத் தொடங்கும் முன் இருக்கும் ஒவ்வொரு வெற்றுச் சரமும் ஏற்றத்தின் எச்சம். எல்லாவற்றையும் ‘நல்’ ஆக்கலாம்.

ஐந்து மாதம், ஒரு மணி நேரம்

இப்போது டிசம்பர் கணக்கு. நேரம் உள்ள ஃபீல்டுகளில் வித்தியாசம் வந்த வரிகளைத் தேதிவாரியாக அடுக்கினோம். 2008 அக்டோபர் 26-க்கு முன் ஒன்றுமில்லை. 2009 மார்ச் 29-க்குப் பின் ஒன்றுமில்லை. நடுவில் எல்லா வரியிலும் புதிய டேட்டாபேஸ் சரியாக ஒரு மணி நேரம் முன்னால்.

குழுவில் இருந்த நாங்கள் எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து பிற்பாடு வந்தவர்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா இந்த ஊர்க்காரர், கோயில் வகுப்பில் தமிழ் படித்தவர். இரண்டு தேதியையும் காட்டியதுமே சொல்லிவிட்டார்: “தம்பி, அந்த வருஷம் கோடை நேரம்னு கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வெச்சாங்க. அடுத்த வருஷம் வேண்டாம்னு விட்டுட்டாங்க.”

அதேதான். மொரிஷியஸ் வழக்கமாக, உலகப் பொது நேரமான யூடிசிக்கு நான்கு மணி முன்னால். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 2008-09-ல் கோடை நேரத்தைச் சோதித்துப் பார்த்தது. அந்த ஐந்து மாதம் மட்டும் ஐந்து மணி முன்னால். அதற்கு முன் 1982-83-லும் ஒரு முறை அப்படி நடந்தது, ஆனால் அந்தக் காலத் தரவில் மணி நேரம் பதிவாகவில்லை, தேதி மட்டும்தான்.

ஆரக்கிளின் ‘டேட்’ ஃபீல்டுக்கு டைம் சோன் தெரியாது. சர்வர் கடிகாரம் காட்டியது எதுவோ அது. போஸ்ட்கிரஸில் டைம் சோன் உள்ள நேர வகை உள்ளே யூடிசியாகவே வைத்திருக்கும். ஏற்றும்போது செஷனின் டைம் சோன் ‘ஈடிசி/ஜிஎம்டி-4’ என்று இருந்தது. கழித்தல் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்தப் பெயர்களில் குறி தலைகீழ். அது யூடிசிக்கு நான்கு மணி முன்னால்தான். சிக்கல் என்னவென்றால் அது என்றைக்கும் நான்குதான், கோடை நேரத்தை அறியாது. புதிய மென்பொருளோ ‘இந்தியன்/மொரிஷியஸ்’ என்ற சோனில் காட்டுகிறது. அந்தச் சோனுக்கு 2008 நினைவிருக்கிறது. கடிகாரம் பத்து மணி காட்டியபோது போட்ட பாலிசி, பதினொன்று என்று தெரிந்தது.

பழைய ஒப்பீடு இதை ஏன் பிடிக்கவில்லை? ‘நல்’ சிக்கல் இல்லாதிருந்தாலும் பிடித்திருக்காது. ஒப்பிட்ட செஷனிலும் அதே ‘ஈடிசி/ஜிஎம்டி-4’. தவறாகப் போட்டதைத் தவறாகவே திரும்ப எடுத்தால் பழையபடி வந்துவிடும்.

மாதக் கணக்கு ஏன் பிசகியது என்பதும் இங்கே தெளிவானது. பகலில் போடும் பாலிசி ஒரு மணி நேரம் நகர்ந்தால் தேதி மாறாது. ஆனால் புதுப்பிப்புகளைப் பதியும் இரவு ஓட்டம் 23.30-க்குத் தொடங்கும். நவம்பர் 30 இரவில் பதிந்தவை டிசம்பருக்கு வந்தன, டிசம்பர் 31 இரவில் பதிந்தவை 2009-க்குப் போய்விட்டன. வந்ததும் போனதும் ஏறக்குறைய ஈடானதால் வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தது. அந்த ஐந்து மாதத்தின் ஒவ்வொரு மாத இறுதியிலும் இதே கதை.

அந்த இடைவெளியில் உள்ள எல்லா வரியிலும் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டால் முடிந்ததா? மேலாளர் அதைத்தான் கேட்டார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, காரணம் ரீயூனியன். பக்கத்துத் தீவான ரீயூனியனில் உள்ள முகவர்கள் தினமும் கோப்பு அனுப்புவார்கள். அதில் உள்ள நேரம் அவர்கள் ஊர் நேரம். ரீயூனியனும் யூடிசிக்கு நான்கு மணி முன்னால்தான், ஆனால் அங்கே கடிகாரத்தை மாற்றவில்லை. வருடம் முழுக்க ஒரே நேரம் காட்டும் இரண்டு தீவுகளும் அந்த ஐந்து மாதம் ஒரு மணி விலகி நின்றன. ஆக ரீயூனியன் கோப்பிலிருந்து வந்த வரிகள் நிலையான நான்கு மணியில் சரியாகவே ஏறியிருந்தன. ஒப்பீடு அவற்றையும் வித்தியாசம் என்றுதான் காட்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்று: ஒரே இடைவெளி, ஒரே ஒரு மணி. ஒன்று பிழை, மற்றது பிழையில்லை.

கிளைக் குறியீட்டை வைத்து மட்டும் பிரிக்கவும் முடியாது. ரீயூனியன் பாலிசியாக இருந்தாலும் எபேனில் உட்கார்ந்து ஒருவர் திருத்தியிருந்தால், அந்த நேரத்தைப் போட்டது மொரிஷியஸ் சர்வர். அதனால் பதிவு வந்த வழியைக் குறிக்கும் ஃபீல்டைத் துணைக்கு எடுத்தோம்: கோப்பு வழி வந்தவை ‘இந்தியன்/ரீயூனியன்’, திரை வழி வந்தவை ‘இந்தியன்/மொரிஷியஸ்’.

மிச்சம் ஒரு சிறு கண்டம். 2009 மார்ச் 29 அதிகாலை கடிகாரத்தைப் பின்னால் திருப்பியபோது ஒரு மணி நேரம் இருமுறை வந்தது. அந்த நேரத்தில் இரவு ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நேரம் காட்டும் இரண்டு வரிகளில் எது முதல் சுற்று, எது இரண்டாவது? போஸ்ட்கிரஸைக் கேட்டால் சந்தேக நேரத்தைக் கோடை முடிந்த நிலையான நேரமாகவே எடுத்துக்கொள்ளும். நல்லவேளையாக ஒவ்வொரு வரிக்கும் தொடர் எண் இருந்தது. எண் ஏறிக்கொண்டே போக, நேரம் மட்டும் ஓரிடத்தில் சட்டென்று பின்வாங்கியிருந்தது. அதற்கு மேலே உள்ளவை கோடை நேரம், கீழே உள்ளவை வழக்கமான நேரம். ஒரு சர்வர் மட்டும் இருந்ததால் இது நடந்தது. பல சர்வர்கள் தொடர் எண்களை முன்கூட்டிப் பங்கு பிரித்துக்கொள்ளும் அமைப்பில் இந்தத் தந்திரத்தை நம்ப முடியாது.

சமம், ஆனால் இரண்டும் தவறு

ஒப்பீடு கடைசிவரை வாய் திறக்காத ஒன்றும் இருந்தது. லெஸ்காலியே, த்ரூ தோ தூஸ் போன்ற ஊர்ப்பெயர்களைப் பிரெஞ்சில் எழுதும்போது அப்பாஸ்ட்ரஃபி வரும். புதிய அமைப்பு அச்சிட்ட கடிதங்கள் சிலவற்றில் அந்தக் குறியைக் காணவில்லை. இரண்டு டேட்டாபேஸும் சமம் என்கிறது எங்கள் ஸ்கிரிப்ட்.

ஆரக்கிளில் ‘டம்ப்’ என்ற செயல்பாட்டைக் கொண்டு அந்த முகவரியின் பைட்டுகளையே பார்த்தோம். அப்பாஸ்ட்ரஃபி இருக்க வேண்டிய இடத்தில் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 92. டேட்டாபேஸின் எழுத்துத் தொகுதி ஐஎஸ்ஓ 8859-1 என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதில் 92 ஓர் எழுத்தே அல்ல, பயன்படாத கட்டுப்பாட்டுக் குறி. விண்டோஸ் 1252 தொகுதியில்தான் 92 என்பது வளைந்த அப்பாஸ்ட்ரஃபி, வேர்டில் தட்டி ஒட்டினால் வருவது. பழைய விண்டோஸ் மென்பொருளும் தன்னை 8859-1 என்றே சொல்லிக்கொண்டதால் ஆரக்கிள் எதையும் மாற்றாமல் பைட்டை வாங்கி வைத்தது, கேட்டபோது அப்படியே கொடுத்தது. திரையில் சரியாகத் தெரிந்தது. யூனிகோடுக்கு மாறும்போதுதான் சொன்ன சொல்லை நம்பி 0092 என்று மாற்றியது. வந்திருக்க வேண்டியது வளைந்த அப்பாஸ்ட்ரஃபியின் யூனிகோடு எண்ணான 2019. எங்கள் ஸ்கிரிப்டும் ஆரக்கிளிடமிருந்து யூனிகோடாக வாங்கியதால் அங்கேயும் 0092, இங்கேயும் 0092. சமம்!

புதிய டேட்டாபேஸில் 0080 முதல் 009எஃப் வரையான குறிகள் எங்கே இருக்கின்றன என்று தேடினோம். ஒழுங்கான முகவரியில் அவை வரவே கூடாது. அப்பாஸ்ட்ரஃபி மட்டுமில்லை, ரீயூனியன் பாலிசிக் குறிப்புகளில் யூரோ குறியும், தெருப்பெயர்களில் ‘œ’ என்ற கூட்டெழுத்தும் இதே கதியில் இருந்தன. 8859-1-ல் இரண்டுமே கிடையாது. விண்டோஸ் 1252 அந்த இடைவெளியில் 27 குறிகளுக்கு அர்த்தம் தருகிறது. அந்த 27-க்கும் மாற்று அட்டவணை போட்டுத் திருத்தினோம்.

திருத்திய பிறகு பழைய டேட்டாபேஸோடு ஒப்பிட்டால் இந்த வரிகள் எல்லாம் வித்தியாசம் என்று வரும், வரத்தான் வேண்டும். வெற்றுச் சரங்களும் நேரங்களும் முடிந்தபின் எஞ்சிய பட்டியலில் இருந்தவை இவையும் ரீயூனியன் வரிகளும்தான். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, கணக்குப் பிரிவிடம் கையெழுத்து வாங்கினோம். 2008 டிசம்பர் எண்ணிக்கை அச்சுப் பிரதியோடு ஒத்துப்போனது. இப்போது எங்கள் அறிக்கையின் முதல் வரியில் இருப்பது வித்தியாசங்களின் எண்ணிக்கை அல்ல. இந்தப் பக்கம் படித்த வரிகள், அந்தப் பக்கம் படித்த வரிகள், ஜோடி சேர்ந்து ஒப்பிடப்பட்டவை.

அடுத்து ரொட்ரிக்ஸ் தீவுக் கிளையின் தனி டேட்டாபேஸ் வருகிறது. அது மைஎஸ்க்யூஎல். நேரத்தில் மொரிஷியஸ் விதியே செல்லும் என்பதால் அந்தப் பகுதி அப்படியே உதவும். ஆனால் தேதி தெரியாத இடமெல்லாம் 0000-00-00 என்று போட்டிருக்கிறார்கள்; போஸ்ட்கிரஸ் அதை ஏற்கவே ஏற்காது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, மேல்குறி எதையும் பார்க்காத கொலேஷன் வேறு. விதைக்க வேண்டிய பிழைகளின் பட்டியலில் இந்த இரண்டையும் இப்போதே சேர்த்துவிட்டோம்.